‘நல்லா நடிச்சிருக்காரு’ என்பதற்கு அடுத்த வரி

கரூரில் நான் வேலை பார்க்கும் ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் திங்கட்கிழமை டீ வரும்போதே “என்ன படம் பார்த்தீங்க?” என்ற கேள்வியும் வந்துவிடும். பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “படம் ஓகே, ஆக்டிங் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்.” இதை வைத்துக்கொண்டு கேட்டவர் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியாது. நடித்தவருக்கும் இதில் நியாயம் கிடைப்பதில்லை. உருப்படியாக நாலு வரி சொல்வதற்கு விமர்சகராக இருக்க வேண்டியதில்லை. நான் எப்படிச் சொல்கிறேன் என்பதை எழுதுகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, படம் முடிந்து வண்டியை எடுப்பதற்குள் மனதில் நிற்கும் ஒரே ஒரு காட்சியைப் போனில் குறித்துவிடுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், காட்சி மட்டும் போதும். வீட்டுக்குப் போய் மற்றவர்கள் எழுதியதை நாலு படித்துவிட்டால், நம்முடைய கருத்து எது, படித்தது எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

அடுத்தது நடிப்பு. வசனம் பேசுகிறவரைத்தான் எல்லோரும் பார்ப்போம். கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ இதற்கு நல்ல படம். கார்த்தி விடாமல் பேசுகிறார், அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமி கேட்கிறார். தன்னை இவ்வளவு பாசமாக உபசரிக்கும் ஆளின் பெயரே அருள்மொழிக்குத் தெரியாது. அதைக் கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சத்தை வசனமே இல்லாமல் அரவிந்த்சாமி கடைசிவரை முகத்தில் வைத்திருக்கிறார். கல்யாண மேடையில் தங்கைக்குப் பரிசு கொடுக்கும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். இறங்கிப் போய்விடலாம் என்று வந்தவர், அந்தப் பெண் காட்டும் பாசத்தில் அசையாமல் நிற்கிறார். கண் கலங்குவதற்கு முன்னால் ஒரு சங்கடம் வந்து போகிறது பாருங்கள், எனக்கு அந்தப் படத்தில் பிடித்த இடமே அதுதான். “அரவிந்த்சாமி சூப்பர்” என்பதற்குப் பதிலாக “மேடையில அந்தச் சங்கடத்தைக் கவனி” என்று சொல்லிப் பாருங்கள். படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கூட இன்னொரு தடவை பார்ப்பார்.

அதே படத்தை வைத்தே, பிடிக்காததை எப்படிச் சொல்வது என்றும் சொல்லிவிடுகிறேன். பின்பாதியில் இரவு முழுக்க நடக்கும் பேச்சு நீளம் என்று எனக்குத் தோன்றியது. நிறையப் பேருக்கு அப்படித்தான் போல, வெளியான சில நாட்களில் படக்குழுவே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தது. ஆனால் அது கார்த்தியின் நடிப்புக் குறையா? இல்லை. அவருக்குக் கொடுத்த பேச்சை அவர் சலிக்காமல் பேசியிருக்கிறார். நீளம் என்பது எழுத்தும் எடிட்டிங்கும் சம்பந்தப்பட்டது. “போர்” என்று ஒரே வார்த்தையில் எல்லோரையும் சேர்த்துத் திட்டாமல், எது இழுத்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். நடிகரின் நிறம், உடம்பு, வயது எதுவும் குறை பட்டியலில் வரவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

குரல் யாருடையது என்றும் பாருங்கள். ‘96’ ஜானு பேசும்போது உருகியவர்கள் எத்தனை பேர்! அந்தக் குரல் சின்மயி கொடுத்தது. 2023இல் வந்த ‘லியோ’விலும் திரிஷாவுக்கு அவர்தான். கண்ணும் தயக்கமும் திரிஷாவுடையது, குரலில் வந்த நெகிழ்ச்சி சின்மயியுடையது. இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையில் ஒருவர் பெயரை மட்டும் சொல்வது எனக்கு மனது ஒப்பாது.

வட்டார வழக்கிலும் இந்தக் கவனம் வேண்டும். 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் சசிகுமாரும் சிம்ரனும் இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழ்க் குடும்பமாக வருகிறார்கள். அந்தத் தமிழ் சரியா தப்பா என்று கரூர்க்காரி நான் தீர்ப்பு சொல்லக் கூடாது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். நான் சொல்லக்கூடியது வேறு. புது ஊரில், மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயத்தோடு இருக்கும் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சிரிப்பார் என்பது சசிகுமாரிடம் அழகாக வந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பின்னணி இசை நம்மை அழவைத்ததா, நடிகர் அழவைத்தாரா? இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஓடிடியில் வந்த பிறகு, உங்களுக்குப் பிடித்த காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் மனதைத் தொட்டால் அது முழுக்க நடிப்பு. இந்தச் சோதனையே தேவைப்படாத படம் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. 2024 ஆகஸ்டில் வந்தது, படத்தில் பின்னணி இசையே கிடையாது. காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. அந்தப் பெண்ணாக அன்னா பென், ஏறக்குறைய பேசுவதே இல்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் இரைந்துகொண்டே வர, அவர் பார்வை மட்டும் யாரிடமும் போகாமல் நிற்கிறது. கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. இவ்வளவு பேரையும் அந்தப் பார்வை ஒன்றும் இல்லாதவர்களாக ஆக்கிவிடுகிறது. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துப் போகிறவருக்கு இந்தப் படத்தைச் சிபாரிசு செய்யாதீர்கள். பொறுமையாகப் பார்க்கிறவருக்கு வற்புறுத்தியே சொல்லுங்கள்.

அதில் சூரியும் இருக்கிறார். ஒரு நடிகரை இன்னொரு நடிகரோடு ஒப்பிட்டு எந்தப் பயனும் இல்லை, ரசிகர் சண்டைதான் மிஞ்சும். அவரை அவரோடேயே ஒப்பிடுங்கள். 2009இல் ‘வெண்ணிலா கபடி குழு’வில் பரோட்டா சாப்பிட்டுப் பேர் வாங்கியவர், 2023இல் ‘விடுதலை’ முதல் பாகத்தில் போலீஸ் டிரைவர் குமரேசன். காயம்பட்ட பெண்ணை ஜீப்பில் ஏற்றிப் போனதற்காக மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள், அவர் கேட்க மாட்டேன் என்கிறார். வழக்கமான ஹீரோ அங்கே குரலை உயர்த்துவார். சூரிக்கு உடம்பில் பயம் அப்படியே இருக்கிறது, பிடிவாதமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்குவது சாதாரண வேலை இல்லை. ‘கொட்டுக்காளி’யில் அந்தப் பயம் போய், தொண்டை கட்டிய குரலில் கோபம் மட்டும் வருகிறது. இந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னாலே கேட்கிறவருக்கு அவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று புரியும்.

சரி, கதையை உடைக்காமல் சொல்வது? ‘மகாராஜா’ மாதிரி படத்தில் இது கஷ்டம். விஜய் சேதுபதியின் 50ஆவது படம். ‘லட்சுமி’ காணவில்லை என்று ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறார், லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி என்பதுவரை தாராளமாகச் சொல்லலாம், அது படத்தின் ஆரம்பம்தான். ஒவ்வொரு போலீஸ்காரரிடமும் அதே கதையை, அதே தொனியில், முகம் மாறாமல் திரும்பத் திரும்பச் சொல்கிறாரே, அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில படங்களில் ‘இன்னார் நல்லா பண்ணியிருக்கார்’ என்று பெயர் சொன்னாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். இதுவும் அப்படிப்பட்ட படம்.

யாரிடம் சொல்கிறோம் என்பதையும் பாருங்கள். எங்கள் அத்தைக்கு மூட்டுவலி, மூன்று மணி நேரம் உட்கார முடியாது. அவரிடம் முதலில் சொல்வது படத்தின் நீளம். குழந்தைகளோடு போகிறவர்களிடம் வன்முறையை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ‘விடுதலை’ ஏ சான்றிதழ் பெற்ற படம், ‘மகாராஜா’விலும் சின்னப் பிள்ளைகளோடு பார்க்க முடியாத கொடுமை இருக்கிறது. “செம படம், குடும்பத்தோட போங்க” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். தியேட்டரில் பார்த்தீர்களா, பஸ்ஸில் போனில் பார்த்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு எடை போட வசதி.

அப்புறம், சின்ன வேடங்களில் வந்தவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ‘லப்பர் பந்து’வைப் பற்றிப் பேசும்போது ‘கெத்து’ என்ற பாத்திரமாக வரும் ‘அட்டகத்தி’ தினேஷ், ‘அன்பு’ என்ற பாத்திரமாக வரும் ஹரிஷ் கல்யாண், அவ்வளவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மனைவி யசோதையாக வந்த சுவாசிகா எதிரே வந்து நின்றதும், கிரிக்கெட் மைதானத்தில் அத்தனை கெத்தாக இருந்த தினேஷின் தோள் இறங்குகிறதே, அந்தக் காட்சிகளில் பாதி வேலை சுவாசிகாவுடையது. “ஹீரோ ஃப்ரெண்டா வருவாரே, அவரு” என்று எங்கள் ஆபீஸில் சொல்லும் ஆளின் பெயர் காளி வெங்கட். ‘இறுதிச்சுற்று’, ‘சூரரைப் போற்று’ என்று வருடக்கணக்காக நடித்துக்கொண்டிருக்கிறார். பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்திருக்காமல் இருந்தால், இப்படிப்பட்டவர்களின் பெயர் படத்துக்கு ஒன்றாவது கிடைக்கும்.