ஹாஸ்டல் அறைக்கு எந்த லான் டெஸ்டர் போதும்?

சுவரில் லான் போர்ட் இருக்கிறது, கேபிளைச் செருகினால் நெட் வரவில்லை. கோளாறு உங்கள் கேபிளில் இருக்கலாம், சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கலாம், வராந்தா ரேக்கில் உள்ள ஸ்விட்சில் (பல அறைகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டி) இருக்கலாம். லான் டெஸ்டர் என்பது கேபிளின் எட்டு வயரும் இரு முனையிலும் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கருவி. மலிவு டெஸ்டர் முதல் இரண்டைத்தான் பார்க்கும். அதனால் கடைக்குப் போகும் முன் லேப்டாப்பைப் பாருங்கள்.

லான் போர்ட்டின் விளக்கு எரிந்து, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்புக்குக் கிடைக்கும் எண்) 169.254 என்று தொடங்கினால் வயர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஐபி வழங்கும் பக்கம்தான் சிக்கல். பல ஹாஸ்டல்களில் லேப்டாப்பின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை, பதிவு செய்தால்தான் போர்ட் திறக்கும். இதற்கு டெஸ்டர் வாங்குவது வீண் செலவு. விளக்கே எரியவில்லை, அல்லது 1000 வர வேண்டிய இடத்தில் லிங்க் ஸ்பீட் (கேபிள் இணைப்பின் வேகம், எம்பிபிஎஸ்ஸில்) 100 என்று நிற்கிறது என்றால் வயரைச் சந்தேகிக்கலாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு பிளக்கில் 1, 2, 3, 6ஆம் இடத்தில் உள்ள நான்கு வயர் போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000க்கு, எட்டு வயரும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று அறுந்தாலும் நெட் வரும், மெதுவாக.

என்ன வாங்குவது?

மெயின், ரிமோட் என்று இரண்டாகப் பிரியும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், 1 முதல் 8 வரை விளக்குள்ள சாதாரண டெஸ்டர் போதும். சில நூறு ரூபாய்தான். இரண்டே விஷயம் பாருங்கள்: ரிமோட் தனியாகக் கழல வேண்டும், டெஸ்டரின் ஆன்/ஆஃப் சுவிட்சில் 'எஸ்' என்ற மெதுவான நிலை இருக்க வேண்டும். ஃப்ளூக் போன்ற நிறுவனங்களின் விலையுயர்ந்த டெஸ்டர்கள் அருமையான கருவிகள்தான். ஒரு அறைக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. விங் முழுக்கப் பொறுப்பெடுப்பவர் வேண்டுமானால், போர்ட் விளக்கை மினுக்கிக் காட்டுவதும் வயரைத் தேடித் தருவதுமான நடுத்தர மாடல் ஒன்றைப் பொதுவில் காசு போட்டு வாங்கலாம்.

சோதிப்பது எப்படி?

முதலில் உங்கள் பேட்ச் கேபிள், அதாவது சுவர் போர்ட்டுக்கும் லேப்டாப்புக்கும் இடையே போடும் கேபிள். ஒரு முனை மெயினில், மறுமுனை ரிமோட்டில், சுவிட்ச் எஸ்ஸில். இரண்டு பக்கமும் 1, 2, 3 என வரிசையாக எரிந்தால் சரி. ரிமோட்டில் ஒரு எண் எரியாவிட்டால் அந்த வயர் அறுந்திருக்கிறது. வரிசை மாறி எரிந்தால் கிரிம்ப் செய்தவர் (வயரில் பிளக்கை அழுத்திப் பொருத்தியவர்) வயரை மாற்றிப் போட்டிருக்கிறார். விளக்கு ஓடும்போதே பிளக்கின் கழுத்தை லேசாக ஆட்டுங்கள். அவ்வப்போது மட்டும் அறுகிற கேபிள் அப்போதுதான் மாட்டும். 'ஜி' விளக்கு எரியவில்லையே என்று பதற வேண்டாம். அது உலோக உறையுள்ள கேபிளுக்கு மட்டும்.

பிறகு சுவர் வயர். ரிமோட் ரேக் பக்கம் போக வேண்டும் என்பதால் வார்டனிடமோ நெட்வொர்க் ஆட்களிடமோ சொல்லி, அந்த வயரை ஸ்விட்சிலிருந்து கழற்றியபின் சோதியுங்கள். ஸ்விட்சில் செருகியிருக்கும் வயரில் டெஸ்டரை மாட்டவே கூடாது. வைஃபை பெட்டிக்கு லான் வயரிலேயே மின்சாரம் அனுப்பும் ஸ்விட்ச் என்றால் டெஸ்டர் கருகிப் போகலாம்.

பலர் ஏமாறும் இடம்

எட்டும் வரிசையாக எரிகிறது, ஆனாலும் நெட் இழுக்கிறது. கேபிளின் கண்ணாடி பிளக்கைப் பாருங்கள். கிளிப் கீழே, கேபிள் உங்கள் பக்கம். இடமிருந்து ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு என்பதுதான் வழக்கமான வரிசை. புதிதாகக் கிரிம்ப் செய்பவர்கள் பச்சைவெள்ளைக்குப் பக்கத்தில் பச்சையையே வைத்துவிடுவார்கள். பார்க்கவும் அழகாக இருக்கும். அப்போது ஒரே ஜோடியாக முறுக்கியிருக்க வேண்டிய 3, 6 இரண்டும் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்த வயர்களாகிவிடும், சிக்னல் ஒன்றோடொன்று கலக்கும். ஒரு மீட்டர் கேபிளில் பெரும்பாலும் தெரியாது, இருபது முப்பது மீட்டரில் வேகம் படுத்துவிடும். இரண்டு முனையிலும் ஒரே தவறு இருந்தால் மலிவு டெஸ்டர் 'எல்லாம் சரி' என்றுதான் காட்டும். கண்தான் டெஸ்டர்.

செம்புப் பூச்சு போட்ட அலுமினியக் கேபிளையும் மலிவு டெஸ்டர் கண்டுபிடிக்காது. வயர் நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

பிற்சேர்க்கை: லான் போர்ட் இல்லாத லேப்டாப்பில் யூஎஸ்பி அடாப்டர் போடுபவர்கள் அதன் வேகத்தையும் பாருங்கள். விலை குறைந்த பல அடாப்டர்கள் 100க்கு மேல் போகாது. கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று: டெஸ்டரிலேயே இருக்கும் சின்ன ஓட்டை டெலிஃபோன் வயருக்கு. அந்த பிளக்கைப் பெரிய ஓட்டையில் திணித்தால் 1, 8 பின்கள் வளைந்துவிடும். அதன் பிறகு நல்ல கேபிளும் அறுந்ததாகவே காட்டும்.