மலைநாட்டு மரக்கறியில் உக்ரைன் போர்ஷ்

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உக்ரைனின் தேசிய சூப்பான போர்ஷ் வைப்பது ரொம்பச் சுலபம், அதற்கு வேண்டிய பீட்ரூட், கோவா, கரட், உருளைக்கிழங்கு எல்லாம் நம் தோட்டங்களிலேயே விளைகின்றன. இந்தச் சமையல் மரபை யுனெஸ்கோ 2022-இல் அவசரமாகப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. போருக்கு நடுவிலும் அந்த மக்கள் விடாமல் சமைக்கும் சாப்பாடு, அதனாலேயே எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

அங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சி, பன்றி எலும்பில் சாறு எடுப்பார்கள், விரத நாட்களில் காளான். நீங்கள் கோழி எலும்பு போட்டாலும் சரி. சாறு கொதித்ததும் உருளைக்கிழங்கு போகட்டும்.

முக்கியமான வேலை பீட்ரூட்டில்தான். நாலு பேருக்கு இரண்டு போதும். மெல்லிய குச்சிகளாக நறுக்கி, எண்ணெயில் வதக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி வினாகிரி ஊற்றுங்கள், புளிப்பு சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு நிற்கும், இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்க மங்கிப்போகும். வெங்காயம், கரட், தக்காளியைத் தனியே வதக்குங்கள். கிழங்கு நன்றாக வெந்த பிறகே எல்லாவற்றையும் கொட்டுங்கள், முன்னாலேயே புளிப்பு விழுந்தால் கிழங்கு லேசில் வேகாது. கோவா கடைசியில், குழையக் கூடாது.

அப்புறம் அடுப்பை அணைத்து, தட்டிய வெள்ளைப்பூடு போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். சதகுப்பை இலை கிடைக்காவிட்டால் கொத்தமல்லி, மணம் வேறுதான். புளித்த கிரீமுக்குப் பதில் சட்டித் தயிர் ஒரு கரண்டி, கிண்ணத்தில் மட்டும். பானையில் ஊற்றினால் திரிந்துவிடும். அங்கே பூண்டு தடவிய பம்பூஷ்கி பன், நமக்குச் சூடான ரோஸ் பாண்.