டீச்சரைப் பற்றிக் குழந்தையிடமே கேட்பது எப்படி?

டீச்சருக்கும் குழந்தைக்கும் ஒட்டுதல் எப்படி என்று அறிய, பெரும்பாலும் டீச்சரிடம்தான் படிவம் கொடுக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியாண்டாவின் 28 வாக்கியப் படிவமும் அப்படித்தான். நாலு வயதுப் பிள்ளைக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது, அதையும் கேட்கவேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்தது மன்ட்சிகோபுலோஸ், நியூஹார்த்-பிரிட்செட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-இல் வெளியிட்ட முறை. அட்டையில் உள்ள வாக்கியத்தை நாம் வாசிப்போம். உண்மை என்றால் குழந்தை அட்டையைத் தபால்பெட்டியில் போடும், இல்லையென்றால் குப்பைத்தொட்டியில். டீச்சரின் அன்பு, பிணக்கு, பிள்ளைக்குக் கிடைக்கும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள்.

அங்கன்வாடியில் நான் ஷூ டப்பாவில் சிவப்புத் தாள் ஒட்டித் தபால்பெட்டி ஆக்கிக்கொள்வேன். எடுத்ததும் டீச்சர் பேச்சு வேண்டாம். "பூனைக்கு வால் உண்டு", "யானை மரத்தில் கூடு கட்டும்" என்று பழக்குங்கள். யானையும் தபால்பெட்டிக்கே போனால் விளையாட்டு புரியவில்லை, அல்லது அந்தப் பெட்டி ரொம்பப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு முறை விளக்குங்கள். அப்பவும் அப்படியே என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் "டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க", "டீச்சர் என்னைத் திட்டுவாங்க" என்று மாற்றி மாற்றி, ஒரே குரலில் வாசியுங்கள். திட்டு வாக்கியத்துக்கு முகம் சுளித்தால் பிள்ளை நம் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும். டீச்சர் காதுகேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். பிள்ளை பாதியில் எழுந்தால் போகட்டும்.

தபால்பெட்டியில் விழுந்த அட்டைகளை எண்ணும்போது அன்பையும் பிணக்கையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டுமே அதிகமாக உள்ள பிள்ளைகள் உண்டு. தனிப் பிள்ளையின் பதிலை மட்டும் டீச்சரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.