வெண்டை ஒட்டு விதையின் தூய்மையை டிஎன்ஏ மார்க்கரில் பார்ப்பது எப்படி?

வீரிய ஒட்டு வெண்டை விதையில் தாய்ச்செடியின் தன் மகரந்தத்தாலேயே உண்டான விதையும் கலந்திருக்கலாம். ஒரே பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் இருப்பதால், மகரந்தப் பையை நீக்குவதில் சற்றுப் பிசகினாலும் போதும். வளர்த்துப் பார்த்தால் ஒரு பருவம் போய்விடும். நாற்றின் இலையிலேயே கண்டுபிடிக்கலாம்.

எஸ்எஸ்ஆர் மார்க்கரையே எடுங்கள். டிஎன்ஏவில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடம் அது, அதன் நீளம் செடிக்குச் செடி மாறலாம். ஆர்ஏபிடி என்ற இன்னொரு மார்க்கர் முறை மலிவுதான், ஆனால் இன்று வந்த பட்டை (டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெரியும் கோடு) நாளை வராமல் போகலாம். எஸ்எஸ்ஆரில் தாய்க்கு ஒரு பட்டை, தந்தைக்கு வேறு நீளத்தில் ஒன்று, ஒட்டுச் செடிக்கு இரண்டும் தெரியும். எனவே முதலில் பெற்றோர் இரண்டின் டிஎன்ஏவை மட்டும் ஓட்டி, வித்தியாசம் காட்டும் பிரைமரை (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் குட்டி டிஎன்ஏ) பிடியுங்கள்.

அடுத்தது டிஎன்ஏ பிரிப்பு. என்னை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தது இதுதான். வெண்டை இலையின் கொழகொழப்பு டிஎன்ஏவோடு சேர்ந்தே இறங்கிவிடும். குழாயின் அடியில் கூழ் போல நிற்கும், டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆரில் ஒன்றும் வராது. பிரைமர்தான் கெட்டது என்று நினைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். குற்றம் அதில் இல்லை. இப்போது இப்படிச் செய்கிறேன்: விரியாத குருத்திலை, 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். செல்லை உடைக்கும் சோப்பு போன்ற சிடிஏபி கரைசலில் 65 டிகிரியில் வைத்து, குளோரோஃபார்மால் கழுவுகிறேன். மேலே தெளிந்த நீரை எடுத்து, அதில் பாதி அளவு 5 மோலார் உப்புக் கரைசல் சேர்க்கிறேன். அதன் பிறகே குளிர்ந்த எத்தனால். உப்பு மிகுந்தால் அந்தக் கொழகொழப்புப் பிசின் கரைசலிலேயே தங்கிவிடும், டிஎன்ஏ மட்டும் இறங்கும். அப்படியும் பிசிஆர் தோற்றால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். தடுக்கும் பொருளும் நீர்த்துவிடும்.

பிசிஆர் வழக்கம்போலத்தான். டிஎன்ஏ போடாத ஒரு குழாயும், பெற்றோர் இரண்டும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓடட்டும். 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் 20 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) வித்தியாசம் நன்றாகப் பிரியும். தாய்ப்பட்டை மட்டும் தெரியும் நாற்று, தாய் தன்னைத்தானே சேர்த்துக்கொண்டதன் விதை. இரண்டிலும் சேராத பட்டை என்றால் வெளி மகரந்தம் வந்திருக்கிறது.

பின்சேர்க்கை: செலவைக் குறைக்கப் பத்து நாற்றின் இலைகளை ஒன்றாக அரைத்த சிலருக்கு, எல்லாமே தூய ஒட்டு என்று வந்திருக்கிறது. அப்படித்தான் வரும். தாய்ப்பட்டை ஒட்டுச் செடியிலும் இருப்பதால் கலப்பு அதற்குள் மறைந்துவிடும். நாற்றுக்கு ஒரு குழாய் வையுங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற கலப்பையும் 95 சதவீத உறுதியோடு பிடிக்கச் சுமார் 300 நாற்று வேண்டும்.