வெட்டிய அட்டையில் தேதி இருக்காது

காலாவதி மருந்து என்றதும் அலமாரி மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பாட்டில்தான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. காட்பாடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் எனக்குப் பயமெல்லாம் தினமும் கையில் எடுக்கும் மாத்திரை அட்டை மேல்தான்.

காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்துப் போட அட்டையைக் கத்தரிக்கிறோம். தேதி பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்திலிருந்து வெட்டினால் முதல் நாளே தேதி போச்சு. ஒரு பாட்டியின் டப்பாவில் அப்படி ஒரு துண்டு கிடைத்தது. பின்பக்கம் ‘பின் 5’ என்று முடியும் பாதிப் பெயர் மட்டும். அம்லோடிபின் என்றால் பிரஷருக்கு, ஓலான்சபின் என்றால் மனநலத்துக்கு. எது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கொடுக்காமல் ஒதுக்கிவைத்தேன். அன்றிலிருந்து தேதி இல்லாத ஓரத்திலிருந்துதான் வெட்டுகிறோம். கடைசி மாத்திரை தீரும்வரை தேதி அட்டையிலேயே இருக்கும்.

06/2026 என்று போட்டிருந்தால் ஜூன் 30 வரை கொடுக்கலாம். 1ஆம் தேதியே தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஆனால் திறந்த மருந்துக்கு அச்சடித்த தேதி செல்லாது. கண் சொட்டு மருந்து பெரும்பாலும் திறந்து 4 வாரம்தான். திறந்த இன்சுலின் பாட்டிலும் பெரும்பாலும் அவ்வளவே. ‘திறந்தது 3.5’ என்று மார்க்கரால் எழுதாவிட்டால் அடுத்த ஷிப்டில் வருகிற சிஸ்டருக்கு எப்படித் தெரியும்?

வெயிலையும் சொல்லியாக வேண்டும். ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்ற வரியை மதித்தால்தான் அந்தத் தேதிக்கு அர்த்தம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். ஜன்னலோர அலமாரி, சமையலறைப் பரண் இரண்டும் வேண்டாம். திறக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீஸரை ஒட்டி வைத்து உறைந்துபோனால், தேதி எவ்வளவு மிச்சமிருந்தாலும் அது வேண்டாம்.

இறந்துபோன தாத்தாவின் மாத்திரை வீணாகிறதே என்று பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்த மருந்துச் சீட்டு பக்கத்துக் கட்டில்காரருக்கு எழுதியதல்ல.

காலாவதியானதைக் குப்பைத் தொட்டியில் போட்டால் அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் கையில் போய் நிற்கும். சாக்கடையில் ஊற்றினால் பாலாற்றைக் கெடுக்கும். 2016 மருத்துவக் கழிவு விதிகளில் காலாவதி மருந்துக்கு மஞ்சள் பை உண்டு. வாங்கிய மருந்துக் கடையையும் கேளுங்கள். பிரிக்காத அட்டையைத் தேதி முடியுமுன் திருப்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி போதையாகிவிடக்கூடிய கடும் வலி மருந்துகள் வேறு கணக்கு. டாக்டரைக் கேட்காமல் அவற்றில் கை வைக்காதீர்கள். எத்தனை மிச்சம் என்று எண்ணி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்கள் இல்லத்தில் அவை அலமாரியை விட்டு வெளியே போகும்.