மாவு மிதக்கிறதா பாருங்கள்: உளுந்து வடையும் ஏஏசி கல்லும்

ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்து, ஆட்டிய உளுந்து மாவில் ஒரு சொட்டு போட்டுப் பாருங்கள். மிதந்தால் வடை சுடலாம். மூழ்கினால் மாவில் இன்னும் காற்று ஏறவில்லை. மெதுவடைக்கு இந்தக் காற்றுதான் உயிர். அதை ஏற்றுவது எப்படி என்று பார்ப்போம். கூடவே, இதே மாதிரி பொங்கவைத்துச் செய்யும் ஏஏசி கல்லையும், அதாவது வீட்டுச் சுவர் கட்டும் லேசான கான்கிரீட் கல்லையும் பார்ப்போம்.

முதலில் ஊறவைப்பது. தோல் நீக்கிய முழு உளுந்து, அதுவும் புதிதாக இருந்தால் மாவு நன்றாகக் காணும். ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். நான் ஒருமுறை ராத்திரி முழுக்க ஊறவைத்து மிக்ஸியில் ஓடவிட்டேன். மாவு சூடேறி நீர்த்துப்போனது. வடை எண்ணெயைக் குடித்தது.

அடுத்து, தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு கிரைண்டரில் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும், ஊற்றக் கூடாது. ஓரத்தில் ஒட்டுவதை அவ்வப்போது தள்ளிவிடுங்கள். இருபது நிமிடம் தாண்டும்போது கவனியுங்கள்: கரகரவென்ற சத்தம் அடங்கி, மாவு வெளுத்து, குழவியைச் சுற்றிப் பொங்கி வரும். கல் சுற்றச் சுற்ற மாவு மடிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. உளுந்தின் புரதமும் வழவழப்பும் அந்தக் குமிழிகளைச் சுற்றிச் சுவர்போல நின்று உடையாமல் காக்கின்றன. துவரம்பருப்பை எவ்வளவு ஆட்டினாலும் இப்படிப் பொங்காது.

இப்போது சொட்டுச் சோதனை. தராசு இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். 200 மில்லி டம்ளரில் தண்ணீர் பிடித்தால் 200 கிராம் இருக்கும். அதே டம்ளர் நிறைய மாவு 200 கிராமுக்குக் குறைவாக இருந்தால் மிதக்கும். குறையவில்லையா? அகலமான பாத்திரத்தில் போட்டு, கையை விரித்து ஐந்து நிமிடம் ஒரே பக்கமாக அடியுங்கள். உப்பை முதலிலேயே போட்டால் மாவு தளர்ந்துவிடும். சுடுவதற்குச் சற்று முன் சேருங்கள். அப்புறம் தாமதிக்காமல் மிதமான தீயில் சுட்டு எடுங்கள்.

சரி, சுவர் கட்டும் ஏஏசி கல்லுக்கு வருவோம். 1920களில் ஸ்வீடன் கட்டடக் கலைஞர் யோஹான் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய முறையில்தான் இன்று நம் ஊரில் புழங்கும் ஏஏசி கற்களும் தயாராகின்றன. சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் அல்லது மணல், ஜிப்சம் எல்லாம் கரைந்த கூழில் துளி அலுமினியப் பொடி. அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விட, கூழ் அச்சுக்குள் பொங்குகிறது. பாதி இறுகியதும் கம்பியால் அறுத்து, அழுத்தமான நீராவியில் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். ஹைட்ரஜன் வெளியேறி, அந்த இடத்தில் காற்று நிற்கிறது.

ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2400 கிலோ, தண்ணீர் 1000, ஏஏசி சுமார் 600. ஆகவே அதிலும் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே அசையாமல் நிற்கும் காற்று வெயிலின் சூட்டையும் எளிதில் கடத்தாது. மேற்குச் சுவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் காற்று இருக்கும் இடத்தில் கல் இல்லை. சாதாரண ஆணி பிடிக்காது. அலமாரி மாட்ட, திருகாணியைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளக்கில் இந்தக் கல்லுக்கென்றே உள்ளதை வாங்குங்கள். ஈரத்தையும் உறிஞ்சும். குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு கொடுத்துவிடுங்கள்.