பாத்ஃபைண்டரில் மைனஸ்களைக் கணக்குப் போடுவது எப்படி

மேசையில் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில், மைனஸ் (பெனால்டி) கொடுத்து எதிரியைத் தளரவைப்பது அடிப்பதற்குச் சமமான வேலை. ஆனால் பல மேசைகளில், கிடைத்த மைனஸை எல்லாம் அப்படியே கூட்டிவிடுகிறார்கள். அது தப்பு.

முதலில் வகையைப் பாருங்கள். ஃப்ரைட்டன்ட் (பயம்), க்ளம்சி (தடுமாற்றம்), என்ஃபீபிள்ட் (பலவீனம்), சிக்கன்ட் (குமட்டல்) ஆகிய கண்டிஷன்கள் தருவது எல்லாம் ஸ்டேட்டஸ் பெனால்டி. ஆஃப்-கார்ட் (தற்காப்பு தளர்ந்த நிலை) தருவது சர்க்கம்ஸ்டன்ஸ் பெனால்டி. ஒரே வகையில் எத்தனை வந்தாலும் பெரியது ஒன்றுதான் செல்லும். வகை வேறானால் கூடும்.

ஏ.சி. (அடிக்க எட்ட வேண்டிய தற்காப்பு எண்) 17 உள்ள எதிரி ஃப்ரைட்டன்ட் 2, க்ளம்சி 1, கூடவே ஆஃப்-கார்ட் என்று வையுங்கள். ஸ்டேட்டஸில் 2, சர்க்கம்ஸ்டன்ஸில் 2, ஏ.சி. 13. க்ளம்சியால் இப்போதைக்குப் பயனில்லை. அட்டாக் ரோலில் +9 உள்ள வீரருக்கு முன்பு இருபதுமுகப் பகடையில் 8 விழுந்தால் அடி, 18 விழுந்தால் க்ரிட்டிகல் (இரட்டிப்பு அடி). இப்போது 4 போதும், க்ரிட்டிகலுக்கு 14. ஏ.சி.யை 10 தாண்டினாலே க்ரிட்டிகல் என்பதால், க்ரிட்டிகல் வாய்ப்பு 15 சதவீதத்திலிருந்து 35 ஆகிறது. சின்ன மைனஸ் என்று ஒதுக்கவே கூடாது.

ஃப்ரைட்டன்ட் எதிரியின் சொந்த டர்ன் முடியும்போது 1 குறையும். ஆகவே அவன் டர்னுக்குச் சற்று முன் டிமாரலைஸ் (மிரட்டும் ஆக்ஷன்) செய்து ஃப்ரைட்டன்ட் 1 கொடுத்தால், அவனுடைய அடி கொஞ்சம் தடுமாறும். உங்கள் கூட்டாளிகள் அடிக்க வரும்போது பயம் போயிருக்கும். அவன் டர்ன் முடிந்ததும், கூட்டாளிகளுக்கு முன்பாக மிரட்டுங்கள். தேவைப்பட்டால் டிலே செய்து (உங்கள் டர்னைத் தள்ளிப்போட்டு) காத்திருங்கள். மினியேச்சருக்குப் பக்கத்தில் ஒரு ஆறுமுகப் பகடையை வைத்து, டர்ன் முடிந்ததும் ஒரு எண் திருப்பினால் மறதி வராது. இன்னொன்று, ஃப்ரைட்டன்ட் எல்லா டி.சி.யையும் (பகடை எட்ட வேண்டிய இலக்கு எண்) குறைக்கும், அந்த எதிரியின் மந்திரத்துக்கு நீங்கள் சேவ் (தாக்கத்திலிருந்து தப்பிக்கும் ரோல்) போடும் டி.சி.யும் அதில் அடக்கம். ஆட்டத்தை நடத்தும் ஜி.எம். அதிகம் மறந்து விடுவது இதைத்தான்.

என்ஃபீபிள்ட் குறைப்பது ஸ்ட்ரெங்த் (பலம்) சார்ந்த ரோல்களை; அதில் ஒரு நுணுக்கம். ரேப்பியரை (மெல்லிய வாள்) டெக்ஸ்டெரிட்டியில் (சுறுசுறுப்பு) வீசுபவருக்கு அட்டாக் ரோல் குறையாது. டேமேஜ் ஸ்ட்ரெங்த்திலிருந்து வருவதால் அது மட்டும் குறையும்.

ஒரே கண்டிஷன் இரண்டு முறை வந்தால் இரண்டின் கால அளவையும் எழுதி வையுங்கள். என்ஃபீபிள்ட் 2 ஒரு நிமிடத்தில் போனாலும், அதைவிட நீளும் என்ஃபீபிள்ட் 1 அடியில் காத்திருக்கும்.

சிக்கன்ட் ஆனவருக்குப் போஷன் கொடுக்க ஓடாதீர்கள். அவரால் எதையும் விழுங்க முடியாது. ஒரு ஆக்ஷன் செலவழித்து, வாந்தியெடுத்து, ஃபார்ட்டிட்யூட் (உடல் தாங்குதிறன்) சேவில் ஜெயித்து 1 குறைக்கட்டும்; க்ரிட்டிகலாக ஜெயித்தால் 2.